நூற்றுப் பத்தடிக்குக் கீழே ஒரு மலை

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

சுற்றிலும் தண்ணீர் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது; ஆனால் குடிக்க ஒரு வாய் கிடையாது. நடுவில் பன்னிரண்டு பேர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இருக்கிறது, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடி இருக்கிறது. எதனாலும் அந்தத் தாகம் தீராது. பெட்டிக்கடையில் அட்டையில் குத்தி மாட்டியிருக்கும் விரல் நீளச் சாமான் ஒன்று வந்து சேர்ந்தால் தீரும். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள். தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம்; பட்டாளக்குப்பத்தில் இருநூறு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நாள் முழுக்கத் தெரியவில்லை. தெரிந்தவள் ஒரே ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு மேனகா. அவள் சொல்லவில்லை.

வேலூருக்கு மேற்கே, கரடும் ஏரியும் சேருகிற இடத்தில் இருக்கிறது பட்டாளக்குப்பம். அங்கே எந்த வீட்டுக்குள் போனாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதன் மேல் ஒரு பெயரும் ஒரு எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்துக்குப் போவதும், வயதானதும் பெட்டியோடு திரும்பி வருவதுமாக இருக்கிற ஊர் அது. வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது, திரும்பி வந்தவர்களும் லீவில் வந்தவர்களும் வரிசையாக உட்காருவார்கள். முன்னால் நாற்காலி, அது எல்லையில் சண்டை போட்டவர்களுக்கு. அடுத்தது பெஞ்சு, லாரி ஓட்டியவர்களுக்கும் கம்பியில்லாத் தந்தி பார்த்தவர்களுக்கும். கடைசியில் ஜமக்காளம், அது சோறாக்கியவர்களுக்கும், முடி வெட்டியவர்களுக்கும், துணி வெளுத்தவர்களுக்கும், பூட்ஸ் தைத்தவர்களுக்கும். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் ஒரு நாளும் இடம் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

மேனகாவின் அப்பா தணிகாசலம் பட்டாளத்தில் சமையல்காரர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லீவில் வந்தபோது, அவர் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு, கொடுத்த லட்டை மடித்து மகளுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் வகுப்பில் சுபேதார் எத்திராஜின் பேரன் தினகர் ஆரம்பித்தான்.

"ஏ மேனகா, எதிரி வந்தா உங்க நைனா இன்னா பண்ணுவாரு? கரண்டியால அடிப்பாரா?"

"இல்லடா, ரசத்த மூஞ்சில ஊத்துவாரு," என்றான் இன்னொருவன்.

"கரண்டி ரெஜிமென்ட்! சாவ்தான்!" என்று பட்டாளத்து உத்தரவு போலக் கத்தி விறைத்து நின்றான் தினகர்.

அன்று முதல் அவள் பெயர் அதுதான். அந்த லட்டை அவள் எறும்புக்கு வைத்துவிட்டாள். நைனா திரும்பிப் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று யாராவது கேட்டால் அவள் காது கேட்காதது போல நடந்துவிடுவாள்.

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, ஊரின் போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. மேனகாவின் அம்மா ஜெகதா பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையற்காரி. எண்பது பிள்ளைகளுக்குப் பருப்பு கழுவ வேண்டும். சமையற்கூடத்துக்குப் பின்னால் ஐந்து வருஷமாக வற்றிக் கிடந்த ஊர்க்கிணற்றில் அடிச்சேறாவது ஊறியிருக்காதா என்று, 'பட்டாளக்குப்பம் ஊர்ப் பொது' என்று எழுதிய வாளியை உருளையில் மாட்டி இறக்கினாள். கிணற்றின் ஆழம் நாற்பதடி. கயிறு அறுபதடி. அறுபதடியும் ஓடித் தீர்ந்தது. வாளி தரையைத் தொட்ட சத்தம் வரவில்லை. மேனகா ஓடிப்போய் ஆட்டுக்கயிறு நாலும் கொடிக்கயிறு ஒன்றும் கொண்டுவந்து முடிந்தாள். நூற்றுப் பத்தாவது அடியில் கயிறு தொய்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே இருந்து யாரோ இரண்டு தடவை, கதவைத் தட்டுவது போல, கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள்.

ஜெகதா அலறவில்லை. யாரோ கயிற்றைப் பிடித்தால் நாமும் பிடிக்க வேண்டும் என்பது போல, இரண்டு கையாலும் இழுத்தாள். வாளி மேலே வந்தபோது அதில் வெள்ளையாக ஏதோ குவிந்து இருந்தது.

"எவன்டி கெணத்துல உப்பக் கொட்டி வச்சது?" என்றாள் ஜெகதா. மேனகா தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. நாக்கு மரத்துப்போனது.

அரைமணி நேரத்தில் ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். இது பட்டாளக்குப்பம், பனியைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற இருபத்து மூன்று பேரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அது எந்த உயரத்துப் பனி என்று தகராறு செய்ய ஆரம்பித்தார்கள்.

"பதினாறாயிரம் அடி. சத்தியமா சொல்றேன்."

"யோவ், பதினாறாயிரத்துப் பனி நாக்குல ஒட்டும். இது பொடியா கீது. பதினெட்டு."

"வடக்கா கிழக்கா சொல்லு பாப்போம்!"

கூட்டத்தில் ஒரு பிள்ளை வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. "சார், மலை நம்ம ஊருக்குக் கீழயா சார் கீது?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றார் வாத்தியார். அதன் பிறகு அவர் ஒரு மாதத்துக்குப் பூகோளப் பாடம் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை வாளி இறங்கி ஏறியபோது, கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. பழைய பாக்கெட் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. நாற்காலி வரிசையில் முதல் நாற்காலிக்காரர் சுபேதார் எத்திராஜ். பீரங்கிப் படையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். அவர்தான் உரக்கப் படித்தார்.

"பனிச்சரிவு. பாதை மூடிவிட்டது. ரேடியோ பேசவில்லை. பதினொரு பேர் இருக்கிறார்கள். சமையல் குகையின் கூரையிலிருந்து உங்கள் வாளி இறங்குகிறது. ஸ்டவ் பின் வேண்டும்."

சுபேதார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை.

"எல்லையில நிக்கிறவன் ஸ்டவ் பின்னா கேப்பான்? யோசிங்கய்யா. இது சங்கேதம். எதிரி கையில சீட்டு மாட்டக் கூடாதுன்னு மறைச்சு எழுதியிருக்கான்."

ஊருக்கு அது உடனே சரியாகப் பட்டது. சண்டைக் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஊர். மலையிலிருந்து வருகிற செய்தி சண்டைச் செய்தியாகத்தானே இருக்க முடியும்? ஸ்டவ் என்றால் எரிகிறது, எரிகிறது என்றால் சண்டை, சண்டை என்றால் தோட்டா தீர்ந்துவிட்டது என்று ஆளுக்கு ஒரு படி ஏறிப் பொருள் சொன்னார்கள்.

ஜமக்காளப் பக்கத்திலிருந்து பச்சையப்பன் கையைத் தூக்கினார். அவர் பட்டாளத்தின் சாமான் கிடங்கில் இருந்தவர். "ஐயா, நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ல இருந்தவன். கேட்டு எழுதினா கேட்டத அனுப்பணும். அர்த்தம் பாக்கக் கூடாது."

"உக்காருய்யா," என்றார்கள். உட்கார்ந்துவிட்டார்.

மேனகா சுபேதாரின் முழங்கைக்குக் கீழே நின்றிருந்தாள். சீட்டு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் 'ஸ்' என்ற எழுத்து, குளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்து போலக் கழுத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. அப்படி 'ஸ்' எழுதுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவள் நெஞ்சு ஒரு தடவை குதித்தது. பிறகு தினகர் அவளைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றவே, கீழே இறங்கிவிட்டது. 'ஸ்டவ் பின் கேட்டது உங்க நைனாவா? கரண்டி ரெஜிமென்ட் வேற இன்னா கேக்கும்?' என்பார்கள். மலையில் வேறு யாராவது, துப்பாக்கி பிடிக்கிறவர் யாராவது, வேறு ஏதாவது பெரிதாகக் கேட்டு எழுதட்டும் என்று அவள் காத்திருந்தாள். கையெழுத்து தெரிந்த இன்னொருத்தியான அவள் அம்மாவோ, எண்பது பிள்ளைகளின் சோற்றை அடுப்பில் விட்டுவந்திருந்ததால், சீட்டு வருவதற்கு முன்பே உள்ளே போயிருந்தாள்.

அன்று மாலை ஊர் மலைக்கு அனுப்பிய சாமான்கள் இவை: ஒரு கொடி, பதினொரு சாமந்தி மாலை, ஏரிக்கரையில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த வெடிக்கட்டு, நான்கு பக்கத்தில் சுபேதார் எழுதிய வீர உரை. கீழே கயிறு தொய்ந்தது. நெடுநேரம் அப்படியே கிடந்தது. மறுநாள் காலை இழுத்துப் பார்த்தால் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. மாலைகள் கண்ணாடி போல விறைத்திருந்தன. ஒரு பெண் எடுத்ததும் கையில் கலகலவென்று உடைந்து மஞ்சள் தூளாக உதிர்ந்தன. வீர உரையின் பின்பக்கத்தில், முன்பு இருந்ததைவிடச் சின்ன எழுத்தில், நாலே சொல் இருந்தது.

"ஸ்டவ் பின். தண்ணீர் இல்லை."

"சுத்திப் பனி கீதே, அதத் தின்ன வேண்டியதுதானே?" என்றான் தினகர்.

"தின்னா வயிறு விறைச்சிடும்டா. உருக்கிக் காய்ச்சித்தான் குடிக்கணும்," என்றார் மலையில் இருந்த ஒருவர். சொன்ன பிறகுதான் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவர் மலையில் இருந்த இரண்டு குளிர்காலத்திலும் வெந்நீர் தயாராகவே இருந்தது. அதை யார், எதில், எப்படிக் காய்ச்சினார்கள் என்று அவர் பார்த்ததேயில்லை.

மேனகா ஓட ஆரம்பித்திருந்தாள். வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்பு அடிக்கிற பழைய ஸ்டவ் ஒன்று உண்டு. லீவில் வந்தால் நைனாதான் அதைப் பற்றவைப்பார். அதன் துளையில் கரி அடைத்துக்கொண்டால் நெருப்பு செத்துவிடும். தகர முனையில் முடி போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பின்னைக் கொண்டு குத்திவிட்டால்தான் நீலமாக எழும். அந்தக் கம்பி ஒடிந்துபோனால் ஸ்டவ் வெறும் பித்தளைச் சட்டிதான். சுவரில் தினக்காலண்டர் அட்டையில் மூன்று பின் குத்தியிருந்தது. மூன்றையும் பிடுங்கிக்கொண்டு, மூச்சிரைக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, சுபேதாரின் முன்னால் கையை நீட்டினாள்.

"இது எங்க நைனா கையெழுத்து. நேத்தே தெரியும். நான் சொல்லல." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவரு பின்னுனு எழுதினா பின்னுதான்."

சுபேதார் குனிந்து பார்த்தார். "தணிகாசலமா? சோறாக்கறவனா?"

"ஆமா."

சமையற்கூடத்திலிருந்து ஜெகதா கரண்டியோடு வந்து நின்றாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். முந்தானையில் ஒரு மூலையைக் கிழித்து, மூன்று பின்னையும் அதில் முடிந்து வாளியில் போட்டாள். வாளி இறங்கியது. விடுகதையின் விடை அப்படித்தான் மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்றரை மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு கயிறு இரண்டு தடவை ஆடியது. மேலே வந்த வாளியில் மண்ணெண்ணெய் வாசமும், மூடி போட்ட ஒரு தகரக் குவளையும் இருந்தன. குவளையில் டீ. ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் இன்னும் வெதுவெதுப்பு. சீட்டில், "பதினொரு பேரும் குடித்தார்கள். இது மிச்சம்" என்று எழுதியிருந்தது.

"பதினொண்ணுதானா? நைனா குடிக்கலியா?" என்றாள் மேனகா.

"அவரோட பன்னெண்டு. அவரு எண்ணும்போது எப்பவும் அவர விட்டுட்டுத்தான் எண்ணுவாரு," என்றாள் ஜெகதா. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இஞ்சி இல்ல." அன்று மாலையே இஞ்சி இறங்கியது.

அதன் பிறகு நாற்பது நாள், பட்டாளக்குப்பத்தில் விடிந்ததும் முதல் வேலை வாளிதான். பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான். கேட்டதை அனுப்பினார்கள், கேட்டதை மட்டும் அனுப்பினார்கள், அர்த்தம் பார்க்காமல் அனுப்பினார்கள். பச்சையப்பன் கிணற்றடியில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இறங்கினாலும் மூன்று பிரதி எழுதி, ஒன்றைத் தானும் ஒன்றைச் சுபேதாரும் வைத்துக்கொண்டு மூன்றாவதை வாளியோடு அனுப்பி, மலையிலிருந்து கையெழுத்து வாங்காமல் அடுத்த வாளியை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆரம்பத்தில் சிரித்தவர்கள், அவர் மேசையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மூன்று வீட்டு மிளகாய்த்தூள் போய் ஒரு வீட்டு எண்ணெயும் போகாமலிருந்ததைப் பார்த்து, அடங்கினார்கள். செருப்புத் தைக்கும் எல்லப்பன் பனியில் வாய்பிளந்து ஏறிவந்த பூட்ஸ்களை மடியில் வைத்து, உள்ளே கைவிட்டுத் தடவி, ஈரம் எந்தத் தையலில் நுழைகிறது என்று கண்டுபிடித்து அடைத்து, "பூட்ஸ்ல ஒரு தையல் விட்டா கால்ல ஒரு வெரல் போவும்" என்று சொல்லிச் சொல்லித் தைத்தார். தையற்காரம்மாக்கள் கம்பளிக் கையுறைகளில் விரலுக்கு விரல் உள்துணி வைத்தார்கள். கயிறு நைந்து போகாமல் பார்க்கும் வேலை சுபேதாருக்கு வந்தது. அவர் தினமும் நூற்றுப் பத்தடியையும் விரலால் தடவி, மெழுகு பூசி, உள்ளங்கை கொப்புளித்து, முடி வெட்டும் பலராமனிடம் மருந்து போட்டுக்கொண்டார்.

போன வாளி எதுவும் வெறுமனே திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றிலும் பனி வந்தது. மலைக்காரர்களிடம் கொடுக்க அதுதான் இருந்தது. ஊர் அதை உமியில் புதைத்து வைத்தது, உருக்கிக் குடித்தது, கன்றுக்குட்டிக்குக் காட்டியது, நன்னாரி சர்பத்தில் போட்டது. மாசி போய்ப் பங்குனி வெயில் ஏற ஏற, பட்டாளக்குப்பத்தில் மட்டும் பிள்ளைகள் மத்தியானத்தில் பல் கிடுகிடுக்க நின்றார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்து, 'நீர் உள்ளது' என்று எழுதிக்கொண்டு, ஒரு சர்பத் குடித்துவிட்டுப் போனார்.

நைனாவின் சீட்டுகளை இப்போது மேனகாதான் படித்தாள். அவற்றில் மலையைப் பற்றியோ எதிரியைப் பற்றியோ ஒரு வரி இருக்காது. "இந்த உயரத்தில் தண்ணீர் சூடாகும் முன்பே கொதித்துவிடுகிறது, அதனால் அரிசி வேகாது. முதல் மாதம் நானே கல்லாகத்தான் ஆக்கினேன். நாலு பேருக்கு வயிறு போய் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது கைக்கு வந்துவிட்டது. குக்கருக்குக் கேஸ்கட் வேண்டும்." இன்னொன்றில்: "காவலுக்குப் போகிற பையனுக்கு இன்று இருபது வயது. கேசரி கிண்ட ஒரு பொட்டலம் முந்திரி." முந்திரி போன மறுநாள், "பையன் அழுதான். நல்ல அழுகை" என்று வந்தது. மேனகா அதை இரண்டு தடவை படித்தாள். தினகர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "முந்திரி எங்க ஊட்டுது," என்றான்.

முப்பத்தைந்தாவது நாள் வாளியின் விளிம்பில் ஐஸ் கீறிய தடம் இருந்தது. மறுநாள் அது இரண்டு பக்கமும் இருந்தது. குகைக் கூரையின் ஓட்டை உறைந்து சுருங்கிக்கொண்டு வந்தது. முப்பத்தொன்பதாவது நாள், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மலையிலிருந்த அதிகாரி எழுதியது. பச்சையப்பன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

நாளைக்குப் பதினொரு மணி வரைதான் ஓட்டை தாங்கும். இன்னும் ஒரே ஒரு தடவை வாளி வந்து போகலாம். பாதை திறக்க ஐந்து வாரம் ஆகும். எங்களை உயிரோடு வைத்தது உங்கள் ஊரும் உங்கள் ஊர்க்காரரும். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. இங்கே டாக்டர் இல்லை. வாளி ஓர் ஆளைத் தாங்கும். நாங்கள் பதினொரு பேரும் ஒரே மாதிரி சொன்னோம், அவர் போகட்டும் என்று. அவரை அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு, அனுப்புகிறேன். வாளி காலியாக வந்தால் அவரை உட்கார வைப்போம். சாமானோடு வந்தால் அவர் இருக்கட்டும் என்று நீங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்வோம்.

கடிதத்துக்குக் கீழே வாத்துக் கழுத்து எழுத்தில் வழக்கம் போல ஒரு பட்டியல் இருந்தது. துவரம்பருப்பு ஆறு கிலோ. எண்ணெய் நாலு. பால்பவுடர். புளி. வரட்டுமா, இருக்கட்டுமா என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஊர் ஒரே குரலில் முடிவு செய்தது. இவ்வளவு நாளில் ஊர் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"காலி வாளி உடுங்க! கயிறு நான் புடிக்கிறேன்," என்றார் சுபேதார். "நம்ம ஊரு ஆளு. முதல் நாற்காலியில உக்கார வச்சு மாலை போடலேன்னா நாம இன்னா பட்டாளக்காரங்க?"

மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலிகள் வந்தன. சுபேதார் தம் நாற்காலியைத் தாமே துடைத்து நடுவில் போட்டுவிட்டு, ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்தார். சாமந்தி மாலை வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. பட்டியல் சாமான்களையும் பச்சையப்பன் ஒரு சாக்கில் கட்டிக் கிணற்றின் இடது பக்கம் வைத்திருந்தார். எழுதி வந்தால் எடுத்து வைக்க வேண்டும், அது அவர் வழக்கம். காலி வாளி வலது பக்கம் இருந்தது.

பட்டாளக்குப்பத்தில் ஒரு முறை உண்டு. லீவு முடிந்து கிளம்புகிறவரின் பெட்டியை வீட்டின் கடைசிப் பிள்ளைதான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காத பெட்டியோடு யாரும் பஸ் ஏற மாட்டார்கள். ஒரு பிள்ளை முரண்டு பிடித்து மூன்று பஸ் போயிருக்கிறது. வருவதானாலும் போவதானாலும் அதே முறைதான் என்று ஊர் சொல்லிவிட்டது. ஆகவே வாளியில் கைவைக்க வேண்டியவள் மேனகா.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதில் நைனா உட்கார்ந்திருப்பது மனசுக்குள் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தினகரும் மற்றப் பையன்களும் கைதட்டக் காத்திருந்தார்கள்.

"மணி பத்தே முக்கால் ஆச்சு, கண்ணு," என்றார் சுபேதார். "வாளிய மாட்டு."

"தாத்தா, நைனா மேல வந்துட்டா அவங்களுக்கு யாரு சோறாக்குவாங்க?"

"அவங்க பட்டாளக்காரங்கம்மா. சமாளிச்சுக்குவாங்க."

"எப்படி?"

சுபேதார் எல்லப்பனைப் பார்த்தார். பச்சையப்பனைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். சாமந்தி மாலையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது.

மேனகா அம்மாவிடம் போனாள். "அம்மா, அவங்கள்ல யாருக்காச்சும் அங்க அரிசி வேக வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அஞ்சு வாரம் பச்சையா தின்னா?"

"அதான் எழுதியிருந்தாரே, நாலு பேர் எழுந்திருக்கலேன்னு. நீதான படிச்ச?"

"நைனா வெரலு?"

ஜெகதா தன் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டாள். "போயிடும். ரெண்டு வெரலும் போயிடும். என்னக் கேக்காதடி. எனக்கு அவரு வேணும். என்னக் கேட்டா நான் காலி வாளின்னுதான் சொல்வேன். அதான் உன்னக் கேக்கறாங்க."

"எனக்கும் வேணும்," என்றாள் மேனகா.

"தெரியும்."

கீழே இருந்து, யாரோ தகரக் குவளையைத் தட்டுவது போல, இரண்டு தடவை சத்தம் வந்தது.

மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மேனகா சாக்கைப் பிரித்து, பருப்பையும் எண்ணெயையும் பால்பவுடரையும் புளியையும் வாளியில் வைத்து, இறக்கச் சொன்னாள்.